புது டிஸ்க், பழைய கேபிள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கீழ்த்தளக் கடைகளில் வியாபாரம், மாடிகளில் வேலை. ஹார்டு டிஸ்க், ராம், சார்ஜர் என்று கீழே பேரம் நடந்துகொண்டிருக்க, குறுகலான படியேறினால் சர்வீஸ் மேசைகள் வருகின்றன. பக்கத்திலுள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருவிலும் இதே ஏற்பாடுதான். வாங்கிப் போட்ட பொருள் மக்கர் செய்யும்போதுதான் ஆட்கள் மாடிக்கு வருகிறார்கள். லேப்டாப் பழுதுபார்க்கும் வேலையை அருகிலிருந்து பார்ப்பதற்காக அப்படியொரு மேசையோரம் உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரி மாணவர் ஒருவர் வந்தார். லேப்டாப்பில் இருந்த 500 ஜிபி டிஸ்க்கை எடுத்துவிட்டு 1 டிபி டிஸ்க் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

"புது டிஸ்க் டூப்ளிகேட்டுண்ணா. பழசைத் திருப்பிப் போட்டா நல்லா ஓடுது."

டெக்னீஷியன் அதை மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. "யாரு தம்பி மாத்துனது?"

"நானேதாண்ணா, வீடியோ பாத்து."

"எப்பவும் ஒரே மாதிரி ஸ்லோவா, இல்ல நின்னு நின்னு போகுதா?"

"நின்னு நின்னுதான்."

அந்தப் பதிலிலேயே பாதி வழி தெரிந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். புதிதாக விண்டோஸ் போட்டால் முதலில் கோப்புகளுக்கெல்லாம் அட்டவணை எழுதும், ஆன்டிவைரஸ் முழு டிஸ்க்கையும் துழாவும். அந்த மந்தம் கொஞ்ச நேரம் விட்டால் தானே சரியாகும். ராம் போதாமல் வரும் மந்தம் நிரல்களை மூடினால் குறையும். நின்று நின்று போனால் தரவு வழியில் எங்கோ தடுக்கி விழுகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டியது, ஆனால் விநாடிக்கு ஒரு எம்பிகூட நகரவில்லை. அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்புகளை அந்த மென்பொருள் படித்துக் காட்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார்களைச் சொல்லும் 05, படிக்க முடியாமல் நிற்பவற்றைச் சொல்லும் சி5, இரண்டும் பூஜ்யம். ஆக, டிஸ்க்கின் தட்டில் குறையில்லை. சி7 வரிசையில் மட்டும் பெரிய எண். டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போய்வரும் தரவுடன் ஒரு சரிபார்ப்பு எண்ணும் போகும். வந்து சேர்ந்தது அதோடு பொருந்தாத தடவைகளை சி7 எண்ணுகிறது. பொருந்தாத ஒவ்வொரு துண்டும் மறுபடி அனுப்பப்பட வேண்டும். ஒரு பெரிய வீடியோவை காப்பி செய்யவிட்டு மறுபடி பார்த்தார். எண் ஏறியிருந்தது.

"டிஸ்க் இல்ல தம்பி, கேபிள்."

பழைய டிஸ்க் மட்டும் எப்படி நன்றாக ஓடியது? அது விநாடிக்கு 3 கிகாபிட் இணைப்பில் பேசும் தலைமுறை. புதியது 6 கிகாபிட். நைந்த கேபிள் மெதுவான பேச்சைத் தாங்கியது, வேகமான பேச்சைத் தாங்கவில்லை. பழசைப் போட்டால் ஓடுகிறது, புதுசைப் போட்டால் நிற்கிறது என்றால் யாரும் புது டிஸ்க்கைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்த முடிவை அப்படியே ஏற்காமல், அளந்து பார்த்தாரே, அதுதான் தொழில்.

கீழ் மூடியைக் கழற்றி, பட்டைக் கேபிளை இடுக்கியால் தூக்கி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் காட்டினார். கனெக்டரை ஒட்டிய மடிப்பில் முடியளவு வெள்ளைக் கோடு. கழற்றும்போது இழுபட்ட இடமாக இருக்கலாம் என்றார். கழித்துப்போட்ட லேப்டாப்களிலிருந்து சேர்த்துவைத்த கேபிள்களைக் கிளறி, அதே மாடலுக்கானதை எடுத்துப் பொருத்தினார். மறுபடி காப்பி. சி7 அசையவில்லை.

"இந்த நம்பர் குறையாது தம்பி. ஏறாம நின்னாப் போதும்."

தேநீர் வந்தபோது வேறு கேஸ்களைச் சொன்னார். பில்லிங் மென்பொருளுக்காக விண்டோஸ் எக்ஸ்பியை விடாத கடைக்காரர்கள், பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்து எடுத்து வருவார்கள். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டாரில் தொடங்கும். புது டிஸ்க்குகளின் உள்ளே செக்டார் 512 பைட் அல்ல, 4096 பைட், அதாவது பழைய செக்டார்கள் எட்டு சேர்ந்தது ஒன்று. 63 எட்டால் வகுபடாது. அதனால் எழுதும் ஒவ்வொரு துண்டும் இரண்டு செக்டார்களில் கால்வைக்கிறது. இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். பார்ட்டிஷனை 2048-க்கு நகர்த்தினால் தீர்ந்தது, பொருள் எதையும் மாற்ற வேண்டாம்.

தீர்க்க முடியாததும் உண்டு. லேப்டாப்புக்கான பல 1 டிபி, 2 டிபி டிஸ்க்குகளில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமைந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்தினால் அடுத்தடுத்ததையும் எழுதியாக வேண்டும். நிறைய எழுதும்போது வேகம் சரிந்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல், சீகேட், தோஷிபா மூன்றும் சில மாடல்களில் இதைச் சொல்லாமலே விற்றது 2020-ல் வெளியே வந்தது. அப்படிப்பட்ட டிஸ்க்கில் படம், பாட்டு சேமித்துவைத்து, விண்டோஸை எஸ்எஸ்டியில் போடச் சொல்வார். "ரிப்பேர் பண்ண இதுல ஒண்ணும் இல்ல சார்னு சொல்லிடணும். பண்றேன்னு வாங்கி வெச்சுக்கக் கூடாது."

இப்படிச் சொல்லி அனுப்பினால் அவருக்குப் பெரும்பாலும் காசு வராது. பார்ட்ஸ் மாற்றினால் பணம் கொடுக்கிறவர்கள், எதை மாற்ற வேண்டாம் என்று கண்டுபிடித்ததற்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். "சும்மா பாத்ததுக்கு எதுக்குண்ணா காசு?" என்று அன்றும் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது. நல்ல டிஸ்க்கைக் குப்பைக்குப் போகாமல் காத்ததும், அந்த மாணவரை இன்னொரு டிஸ்க் வாங்கவிடாமல் தடுத்ததும் அந்தச் சும்மா பார்த்த பார்வைதான். பார்ப்பதற்குக் கூலி இல்லையென்றால், பார்க்காமலே மாற்றுகிறவர்தான் பிழைப்பார். பிறகு தேவையில்லாத பொருளுக்கு நாம்தான் பணம் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அடுத்தமுறை இப்படியொரு மேசைக்குப் போகிறவர்கள் பழைய டிஸ்க், புது டிஸ்க் இரண்டையும் கொண்டுபோங்கள். எதை மாற்றினீர்கள், யார் மாற்றியது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பார்த்துச் சொன்னதற்கான கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.