மத்தியைத் தலைப்பக்கமாக ஊட்ட வேண்டும்

2024 நவம்பர் 4, திங்கள். கேப் டவுன்

முதல் நாள் முழுக்கப் பாய் கழுவினேன். பென்குயின்கள் நிற்கும் கூண்டுகளில் விரித்திருக்கும் ரப்பர் பாய்கள். எச்சம் காய்வதற்குள் எடுத்து, கிருமிநாசினி போட்டுத் தேய்த்து, குழாயால் பீய்ச்சி, வெயிலில் போட வேண்டும். ஒரு அடுக்கு காய்வதற்குள் அடுத்த அடுக்கு வந்துவிடுகிறது. மதியத்துக்கு மேல் துண்டு துவைக்கும் முறை. பறவையை நான் பார்த்தது ஒரு கதவைத் தாண்டிப் போகும்போது, கொஞ்ச நேரம். அது என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

சான்காப் என்று இந்த இடத்துக்குப் பெயர். கடற்பறவைகளுக்கான ஆஸ்பத்திரி. 1968-ல் ஆல்தியா வெஸ்ட்ஃபால் என்ற பெண்மணி தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷம் போரில் சூயஸ் கால்வாய் மூடிவிட, எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியிருந்தன. கசிந்த எண்ணெய் இந்தக் கரையில் ஒதுங்கியது. எகிப்துப் பக்கம் நடந்த சண்டைக்கு இங்கே பென்குயின் அடி வாங்கியது.

ஆறு வாரமாவது தங்க வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், வேலை பெரும்பாலும் துப்புரவு என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நவம்பர் 7, வியாழன்

இன்று மீன் பிரிவு. உறைந்த மத்தியை இளக்கி, கழுவி, அளவு பார்த்துத் தட்டுகளில் பிரிப்பது. வயிறு கிழிந்தது, வால் உடைந்தது எல்லாம் தனி. உறைய வைத்த மீனில் பி1 வைட்டமின் அழிந்துவிடுமாம். அதனால் செவுளுக்குள் மாத்திரையைச் செருகித் தர வேண்டியிருக்கிறது. இந்த மீனை மட்டும் தொடர்ந்து தின்றால் பறவைக்கு நரம்புத் தளர்ச்சி வரும்.

பிறகு ஊட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவிட்டார்கள். எங்கள் கூண்டுக்குப் பொறுப்பானவர் கயெலிட்ஷாவிலிருந்து வரும் அக்கா. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பறவையின் உடம்பை இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்தி, இடது கையால் தலையைப் பின்னாலிருந்து பிடித்து அலகைத் திறக்கிறார். மத்தி தலைப்பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும். வால் முதலில் போனால் செதிலும் துடுப்பும் தொண்டையைக் கீறும். ஒரு பறவைக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. அந்த அலகின் நுனி கொக்கியாக வளைந்திருக்கிறது, ஓரம் பிளேடு. அக்காவின் முன்கையில் பழைய வெட்டுகள் வரிசையாக இருக்கின்றன.

“அதோட பேசாதே,” என்றார் என்னிடம். நான் என்னையறியாமல் “வா கண்ணு” என்றிருக்கிறேன் போல. மனிதக் குரல் என்றால் சாப்பாடு என்று பழகிவிட்ட பறவை, கடலுக்குப் போனபின் மீன்பிடிப் படகுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தடவக் கூடாது, செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, வேலை இல்லாத நேரத்தில் கூண்டுப் பக்கம் நிற்கக் கூடாது.

இரவு அம்மா போனில்: “காசும் கட்டிட்டு மீனும் கழுவுறியா? அத காசிமேட்டுல செஞ்சிருந்தா கூலியே குடுத்திருப்பாங்களேடி.” நியாயம்தான். பெசன்ட் நகரில் ஆமை முட்டைக்காக ராத்திரி ராத்திரி நடந்தபோதும் இதையே வேறு மாதிரி கேட்டாள். அங்கே 1988-லிருந்து மாணவர்கள் காசு வாங்காமல் நடக்கிறார்கள் என்று சொன்னதும் “அதான், அது நம்ம கடல்” என்றாள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் என்ன மீன் வாங்கினாள் என்று கேட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

குஞ்சுகள் வரத் தொடங்கிவிட்டன. அட்டைப்பெட்டிகளில், பழுப்புப் பஞ்சு மூடிய உடம்போடு, விலா எலும்பு தெரிய.

காரணம் இந்த மாதம். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய பறவை மொத்த இறகையும் ஒரே மூச்சில் உதிர்த்துப் புதிதாக வளர்க்கிறது. கிட்டத்தட்ட மூன்று வாரம். அதுவரை உடம்பில் தண்ணீர் ஒட்டும், கடலில் இறங்க முடியாது, பட்டினி. அதற்காக முன்கூட்டியே கொழுத்துக்கொள்ள வேண்டும். கொழுக்க மத்தியும் நெத்திலியும் வேண்டும். கிடைப்பது குறைந்தால் முட்டையிடுவதும் தள்ளிப்போகிறது. குஞ்சு இன்னும் வளராத நிலையில் பெற்றோருக்கு இறகு உதிரும் காலம் வந்துவிடுகிறது. உடம்பு சொல்வதைத்தான் அவை கேட்கும். குஞ்சு கூட்டில் தனியாக நிற்கிறது. 2006-லிருந்து ஒவ்வொரு வருஷமும் இப்படி விடப்பட்ட குஞ்சுகளைச் சேகரித்து வளர்த்துக் காலனிகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

மீன் கூழைக் குழாய் வழியாகக் குஞ்சின் இரைப்பைக்குள் செலுத்துகிறார்கள். நான் கூழ் அரைப்பவள், குழாய் கழுவுபவள். உடம்பெல்லாம் நாற்றம். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருக்கிறது.

இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 28 அன்று, இந்தப் பென்குயின் இனத்தை மிக மோசமாக அருகிவரும் பட்டியலுக்கு மாற்றினார்கள். உலகம் முழுவதும் பத்தாயிரம் ஜோடிக்கும் குறைவு. இப்படியே போனால் 2035 வாக்கில் காட்டில் இருக்காது என்கிறார்கள். குஞ்சுக்குக் கூழ் அரைக்கும்போது இந்தக் கணக்கை நினைக்காமல் இருப்பது நல்லது. நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

விடுமுறை. சைமன்ஸ் டவுன் போய் பவுல்டர்ஸ் கடற்கரை பார்த்தோம். 1982-ல் இரண்டே ஜோடி வந்து கூடு கட்டிய இடம். இன்று மரப்பாலம், நுழைவுச்சீட்டு, வரிசை. பென்குயின் கத்துவது கழுதை கத்துவதைப் போலவே இருக்கிறது. பெரிய பாறைகளுக்கு நடுவே அந்தச் சத்தம் எதிரொலிக்கும்போது யாருமே படத்தில் பார்த்த பென்குயினை நினைக்க முடியாது.

ஒரு அப்பா தன் பெண்ணைக் கம்பிக்கு மேல் தூக்கிப் பிடித்து, தொடு, தொடு என்கிறார். காவலாளி விசில் ஊதினார்.

அக்கம்பக்கத் தீவுகளில் இந்தப் பறவைகள் முன்பு குழி தோண்டித்தான் கூடு வைத்தன. நூற்றாண்டுகளாக உறைந்து கெட்டிப்பட்ட எச்சத்துக்குள். அதை உரமாக விற்கச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மேலே வெறும் பாறை, வெயில். முட்டையையும் 1960-கள் வரை கூடைகூடையாக எடுத்துச் சாப்பிட்டார்கள். கூடு இழந்து, முட்டை இழந்து, எண்ணெயில் நனைந்து, இப்போது மீனும் இல்லை. ஒவ்வொன்றையும் செய்தது ஒரு தலைமுறை. கூழ் அரைக்க வந்திருப்பது நாங்கள்.

நவம்பர் 26, செவ்வாய்

தென்கிழக்குக் காற்று, இங்கே அதைக் கேப் டாக்டர் என்கிறார்கள். நேற்றிலிருந்து நிற்கவில்லை. துண்டு காயப்போட்டால் பறக்கிறது. சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு தங்கியிருக்கும் ஜெர்மன் பெண் தன் போனில் ஒரு படம் காட்டினாள். மடியில் சிங்கக்குட்டி, கையில் பால்புட்டி, அவள் முகம் மலர்ந்து கிடக்கிறது. இரண்டு வருஷம் முன்னால், வடக்கே ஒரு பண்ணையில். பள்ளி முடித்த கையோடு வந்தாளாம். பண்ணையின் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாய் ஒதுக்கிவிட்ட குட்டி, நாம் வளர்த்துக் காட்டுக்கு விடப்போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். ராத்திரி பக்கத்திலேயே தூக்கம். இங்கே கட்டுவதைவிடப் பலமடங்கு பணம்.

ஊருக்குப் போனபின் குட்டி எப்படியிருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருந்தாள். பெரிய சரணாலயத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது. எந்தச் சரணாலயம் என்பதற்குப் பதில் இல்லை. பிறகுதான் ‘பிளட் லயன்ஸ்’ பார்த்திருக்கிறாள். 2015-ல் வந்த ஆவணப்படம்.

இந்தப் பண்ணைகளில் வேலை இப்படி நடக்கிறது. குட்டி பிறந்த சில நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பால் கொடுப்பது நின்றால் பெண்சிங்கம் சீக்கிரமே மறுபடி சினைக்கு வரும். காட்டில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஈனுவது, பண்ணையில் அடிக்கடி ஈனும். குட்டியாக இருக்கும்போது புட்டி பிடிக்கக் காசு. கொஞ்சம் வளர்ந்தால் கூட நடந்து படமெடுக்கக் காசு. பிடரி வந்தபின் வேலி போட்ட நிலத்தில் சுட வருபவரிடம் காசு. எலும்பு தென்கிழக்கு ஆசியாவுக்கு, புலி எலும்புக்குப் பதிலாக. 2017-ல் 800 எலும்புக்கூடுகள் ஏற்றுமதி செய்ய அரசே அளவு நிர்ணயித்தது. மனிதன் கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டுக்கு விட முடியாது, அதற்கு மனிதனிடம் பயமும் இல்லை, வேட்டையும் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் இப்படி அடைபட்ட சிங்கங்கள் 8,000 முதல் 12,000 வரை இருக்கலாம் என்று மதிப்பீடு. காட்டில் இருப்பவை அதில் பாதிகூட இல்லை. 2021-ல் அமைச்சர் பார்பரா கிரீசி இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார். பண்ணைகள் இன்னும் இருக்கின்றன.

“அங்க எல்லாரும் ரொம்ப அன்பா இருந்தாங்க,” என்றாள். “இங்க யாரும் அப்படி இல்ல.”

எனக்குத் தோன்றுவது இதுதான். வெளிநாட்டுக்கு விலங்குச் சேவை என்று கிளம்பும் பிள்ளைகளை மயக்குவது இரண்டு விஷயம்: தொடலாம், குட்டியாக இருக்கும். இந்த இரண்டையும் முகப்பிலேயே காட்டுகிற இடத்தை விட்டு ஓடிவிடலாம். இரண்டு வாரத்துக்கு வந்து போகிறவர்களுக்கு எப்போதும் குட்டி தயாராக இருக்கிறதென்றால், குட்டி எங்கிருந்து வருகிறது என்று கேட்டே ஆக வேண்டும். நிஜமாகவே அநாதையான குட்டிகள் கேலண்டர் பார்த்து வருவதில்லை. எங்கள் பென்குயின் குஞ்சுகள் வருகின்றனவே என்றால், அவற்றுக்கு இறகு உதிர்கிற காரணம் இருக்கிறது. பெரியதானதும் பெட்டியைத் திறந்து கடலில் விடுகிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம்.

அவள் படத்தை அழிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

டிசம்பர் 6, வெள்ளி

இன்று விடுவிப்பு. போன மாதங்களில் தேறிய பறவைகள். அதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் எடை, ரத்தப் பரிசோதனை, நீச்சல்குளத்திலிருந்து எடுத்து இறகுக்கு அடியில் விரல் விட்டு ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு இடம் நனைந்திருந்தாலும் திரும்பக் கூண்டுக்கு. கடற்கரையில் பெட்டிகளைச் சாய்த்தோம். கும்பலாக நின்று யோசித்தன, ஒன்று ஓடியது, எல்லாம் ஓடின. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

திரும்பும் வழியில் அக்கா 2000-ஐப் பற்றிச் சொன்னார். அந்த ஜூன் 23 அன்று ‘ட்ரெஷர்’ என்ற இரும்புத்தாதுக் கப்பல் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் நடுவில் மூழ்கியது. சுமார் 19,000 பென்குயின்கள் எண்ணெயில் நனைந்தன. சால்ட் ரிவரில் ஒரு பழைய ரயில்வே கொட்டகையில் தொட்டி தொட்டியாக நிறுத்தி, முதலில் தாவர எண்ணெய் தெளித்துக் கட்டியை இளக்கி, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, கண்ணோரம் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். 12,000-க்கு மேல் ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலோர் இந்த ஊர்க்காரர்கள், வேலை முடித்து வீட்டுக்குப் போகும் வழியில் வந்தவர்கள். பத்தில் ஒன்பது பறவை பிழைத்தது.

நனையாத இன்னொரு 19,500 பறவைகளை என்ன செய்வது? எண்ணெய்க்குள் அவை இறங்கிவிடக் கூடாது. லாரியில் ஏற்றிப் போர்ட் எலிசபெத்துக்குக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள், சுமார் எண்ணூறு கிலோமீட்டர். அவை வீடு தேடி நீந்தி வருவதற்குள் இங்கே துப்புரவு முடிய வேண்டும் என்பது கணக்கு. பீட்டர், பமீலா, பெர்ஸி என்ற மூன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி. உலகமே இணையத்தில் அவற்றின் பாதையைப் பார்த்தது. வந்து சேர்ந்தன. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது: கழுவுவதைவிட நீந்தவிடுவது மேல் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

நான் கிளம்பியபின் என் இடத்துக்கு டச்சுப் பையன் ஒருவன் வருகிறான். அக்கா அவனுக்கும் முக்காலியில் உட்காரச் சொல்லித்தருவார். வருகிறவர்கள் கட்டும் பணம் மீன் வாங்க உதவுகிறது, உண்மை. ஆனால் எந்தப் பறவைக்கு எடை ஏறவில்லை என்று தட்டைப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் மாறி மாறி வரும் நாங்கள் இல்லை.

2025 மார்ச் 18, செவ்வாய். சென்னை

ஜெர்மன் பெண் இன்று ஒரு செய்தி அனுப்பினாள். பேர்ட்லைஃப் தென்னாப்பிரிக்கா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சான்காப்பும் மீன்பிடித் தடை எல்லைகள் போதாது என்று போன வருஷம் சுற்றுச்சூழல் அமைச்சர்மேல் போட்ட வழக்கு பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவாகிவிட்டது. டாசன், ராபன், ஸ்டோனி பாயிண்ட், டயர் தீவு, செயின்ட் குரோய், பேர்ட் தீவு. இந்த ஆறு காலனிகளைச் சுற்றி மத்தி, நெத்திலிக்கு வலை போடக் கூடாது, பத்து வருஷம். மீன்பிடித் தொழில்காரர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அங்கே நெத்திலியின் பெரும்பகுதி யார் தட்டுக்கும் போவதில்லை, அரைத்துத் தீவனத்துக்குப் போகிறது.

வரைபடத்தில் எல்லைக்கோடுகளைத் துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள். பறவை எங்கே மேய்கிறதோ அங்கே. முந்தைய கோடுகள் பறவை மேயும் தண்ணீரைச் சரியாகக் காக்கவில்லை என்பதுதான் வழக்கே. ஆறு வாரம் நாங்கள் அரைத்த கூழைவிட இந்தக் கோடு அதிகக் குஞ்சுகளுக்குச் சோறு போடும்.

செயின்ட் குரோய் மட்டும் இடிக்கிறது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய காலனி. பக்கத்தில் ஆல்கோவா விரிகுடாவில் 2016-லிருந்து கப்பலுக்குக் கப்பல் எரிபொருள் ஏற்றுகிறார்கள். அதன்பின் பறவைகள் மளமளவென்று குறைந்தன. எண்ணெயும் கசிந்தது, இரைச்சலும் கூடியது. வலைக்குப் போட்ட கோடு அந்தக் கப்பல்களைத் தடுக்காது. அதற்கு வேறு வழக்கு வேண்டும்.