மூச்சு விடச் சொல்லும் கடிகாரம்

'பராமரிப்பாளர்' என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் ஒரு செயலி வழியாகத்தான் வந்தது. நோயாளிக்கு நான் யார் என்று அது கேட்டது. பட்டியலில் அந்தச் சொல் இருந்தது. அதுவரை நான் மகள். மகளுக்கு வேலை நேரமும் கிடையாது, விடுப்பும் கிடையாது. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குக்கூட அது உறைக்க ஒரு செயலி வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு மறதிநோய் வந்து ஆறு வருடம். பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போலாம்டி" என்று கிளம்பிவிடுவாள். அவள் சொல்வது அம்பாசமுத்திரத்தில் விற்று முப்பது வருடமான வீட்டை. இரவில் அவள் முந்தானையை என் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுப்பேன். வாசல் கதவில் சென்சார் பொருத்திய பிறகே அந்த முடிச்சை அவிழ்த்தேன். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. நிலையில் ஒரு துண்டு, கதவில் ஒரு காந்தத் துண்டு; இரண்டும் பிரிந்தால் என் தலைமாட்டில் மணி அடிக்கும். இருப்பிடம் காட்டும் பதக்கம் அவ்வளவு உதவவில்லை. அம்மா அதைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டாள். வரைபடத்தில் அவள் பத்திரமாக வீட்டில் இருந்தாள்.

கடிகாரம் தம்பி நியூஜெர்சியிலிருந்து அனுப்பியது. அதன் அடியில் எரியும் பச்சை வெளிச்சம் தோலுக்கடியில் ரத்தம் ஓடுவதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் இயல்பாகவே கொஞ்சம் கூடிக் குறையும்; நெருக்கடியில் அந்த ஏற்ற இறக்கம் சுருங்கும். அதைத்தான் மன அழுத்தம் என்று காட்டுகிறது. மலம் அப்பிய சேலையோடு அம்மா குளியலறையில் என்னை அடித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் மணிக்கட்டு அதிர்ந்தது: ஒரு நிமிடம் ஆழ்ந்து மூச்சு விடுங்கள். அந்த இடத்தில் யாரால் ஆழ்ந்து மூச்சு விட முடியும்? சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள்.

அளவு சரிதான். மருந்தை மட்டும் எப்போதும் எனக்கே எழுதுகிறது. மறதிநோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 299 நிமிடம், ஆண் 97. அந்த 97 நிமிட ஆணின் மணிக்கட்டை எந்தக் கடிகாரமும் அதிரவைத்து, போய் அம்மாவைப் பார் என்று சொல்வதில்லை.

கேமரா தம்பிக்காக வைத்தது. "அக்கா, அம்மா ஏன் இன்னும் சாப்பிடல?" என்று அங்கிருந்து கேட்பான். வாரம் மூன்று இரவு துணைக்கு வரும் பெண் முதல் நாளே அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நான் கண்ணசந்தா அதுவும் தெரியுமா டீச்சர்?" என்றாள். தெரியும். அவளுக்கு யாரும் கடிகாரம் வாங்கித் தரவில்லை. அம்மாவுக்கு உடை மாற்றும் அறை வேறு அது. கேமராவைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினேன்.

பிறகு, கடிகாரத்தின் ஒரு மாத வரைபடத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். மாலை ஆறிலிருந்து பத்துவரை உச்சம். அந்தப் பெண் வந்துபோன மறுநாள் காலைகள் மட்டும் தாழ்வு. சித்தி கைகூப்பும் பொம்மை போட்டார். தம்பி ஒரு தியானச் செயலிக்குச் சந்தா கட்டுவதாகச் சொன்னான். "சந்தா வேண்டாம், மூணு வாரம் வா" என்று எழுதினேன்.

மே மாதம் வந்தான். இரவுப் பொறுப்பை அவனிடம் விட்டேன். கடிகாரத்தையும் அவன் கையில் கட்டினேன். நான்காம் நாள் காலை காப்பி டம்ளரோடு வந்து, "அந்தப் பொண்ணுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குடுக்கிறோம்?" என்று கேட்டான். சொன்னேன். சம்பளத்தைக் கூட்டித் தந்தால் தினமும் வருவாளா என்றான். அவள் வீட்டிலும் படுக்கையில் ஒரு மாமியார் இருக்கிறார், கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன்.