போன் ஏன் கட்டிக் கிடந்தது?

அன்புள்ள ராசாத்திக்கு,

போனை எடுக்கலைன்னு திட்டித் தீர்த்திருப்பே. ரெண்டு நாளா அது லேப்டாப்போட கேபிள்ல கட்டிக் கிடந்துச்சு டீ.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நின்னுபோச்சுல்ல? 11க்கு டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப் கேக்குது, என்னோட பழைய பெட்டியில அது ஏது? எங்க வீட்டுக்காரர், "தூக்கிப் போடு"ன்னார். ஆனா அவரோட கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் அதுலயே இருக்கணுமாம்! சரின்னு விண்டோஸை ஓரமா ஒதுக்கிட்டு, பக்கத்துலயே லினக்ஸ் மின்ட் போட உக்காந்தேன்.

மின்ட்டோட ஐஎஸ்ஓ ஃபைலைப் பாட்டு ஏத்துற மாதிரி பென்டிரைவ்ல காப்பி பண்ணிட்டேன். பூட் ஆகுமா? ரூஃபஸ்ங்கிற சாஃப்ட்வேர் வெச்சு எழுதணுமாம். மக சிரிச்ச சிரிப்பை விடு.

பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகாது. நானும் பார்த்தேன், வால்பேப்பரை! வைஃபை வருதான்னு பார்க்கத் தோணலை. இன்ஸ்டால் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது, வைஃபையே இல்லை. டிரைவர் இறக்க நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும். பைத்தியம் தெளிஞ்சா கல்யாணம், கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும் கதைதான். அப்பத்தான் போனைச் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டேன். டிரைவர் மேனேஜர்ல பார்த்தா, எனக்கு வேண்டிய டிரைவர் சமத்தா உக்காந்திருக்கு.

அதைப் போடும்போது, செக்யூர் பூட் ஆன்ல இருந்ததால ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லுச்சு. ரீஸ்டார்ட் பண்ணினா நீலத் திரை. அதுல 'என்ரோல் எம்ஓகே'யை எடுத்து, அதே பாஸ்வேர்டை அடிக்கணும். நானோ வைரஸ்னு பயந்து வேற எதையோ அமுக்கித் தப்பிச்சேன். டிரைவர் இருக்கு, வைஃபை இல்லை! "நான் அப்பவே சொன்னேன்"னு ஒருத்தர் வாசல்ல நின்னுக்கிட்டு... விடு. மறுபடி முதல்லேருந்து செஞ்சு, நீலத் திரையில நின்னு நிதானமாப் படிச்சப்புறம்தான் வந்துச்சு.

மறுநாள் மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடக் கூப்பிட்டா, விண்டோஸ்ல இருந்த இவர், "மணி எட்டுதானே, அதுக்குள்ளயா?"ங்கிறார். பெட்டிக்குள்ள இருக்கிற கடிகாரத்துல லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதுது. விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம்னு படிக்குது. அதான் சரியா அஞ்சரை மணி நேரம் பின்னால. டெர்மினல்ல ஒரே வரியில சரி பண்ணிட்டேன். ஆனா ஒரு நாள் கழிச்சுத்தான். அவர் பசியோட கிடக்கட்டும்னு!

உன் வீட்டுப் பரண்ல ஒரு லேப்டாப் தூங்குதே, அதை இறக்கித் தூசி தட்டி வை. பொங்கலுக்கு வரும்போது பென்டிரைவோட வர்றேன். போட்டோவையெல்லாம் முதல்ல வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுடு.

உன்
அருமைத் தோழி