கடல் கடந்த காதும் கொஞ்சம் உப்புத் தண்ணீரும்

காதுக்குள் சேரும் அழுக்குக்குத் தமிழில் குறும்பி என்று ஒரு பெயர் உண்டு. அதை எடுக்கும் கருவிக்கு 'குறும்பிவாங்கி' என்று அகராதியில் தனிச்சொல்லே இருக்கிறது. சொல் இருக்கிறதென்றால் பழக்கமும் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும்தானே! இன்றைக்குக் குறும்பிவாங்கியைத் தேடுகிறவர் யாருமில்லை. கோழி இறகு, தீக்குச்சி, ஊக்கு, ஹேர்பின், வண்டிச் சாவி, பேனா மூடி... கையில் எது கிடைக்கிறதோ அதுதான் கருவி. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு காது குடைகிறவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிமிடம் அவருக்குச் சொர்க்கம் வேறெங்கும் இல்லை.

சொந்த ஊரில் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே இல்லை. காது அடைத்தால் பார்த்துச் சொல்ல வீட்டில் யாராவது இருப்பார்கள். அதுவும் சரிவராவிட்டால் பஸ் ஏறி டாக்டரிடம் போய்விடலாம். வெளிநாட்டில் தனி அறையில் இருக்கும்போது காது அடைத்துக்கொண்டால்தான் தெரியும் சேதி.

மரக்காணத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிறது மரக்காணம். சாலையில் போகிறவர்களுக்குப் பாத்தி பாத்தியாக உப்பளமும், வெள்ளைக் குவியல்களும் தெரியும். பையனின் அம்மா அங்கே உப்பு வாருகிறவர். கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். பையன் இருப்பது கவென்ட்ரியில். டிசம்பர் மாதம், குளித்துவிட்டு வந்தவனுக்கு வலது காது 'கப்'பென்று அடைத்துக்கொள்கிறது. பட்ஸ் விட்டுக் குடைகிறான். அடைப்பு இன்னும் இறுகுகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காதுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

குறும்பியை அழுக்கு என்று சொல்வதே பாதி தப்பு. காதுத் துவாரத்தின் தோலை வறண்டுபோகாமல் காப்பதும், தூசியையும் கிருமியையும் பிடித்து நிறுத்துவதும் அதன் வேலை. பெரியவர்களுக்குத் துவாரத்திலிருந்து செவிப்பறை வரை சுமார் இரண்டரை செ.மீ. நீளம். இதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான் குறும்பி சுரக்கிறது. உள்ளே இருக்கும் தோல் செவிப்பறைப் பக்கத்திலிருந்து வெளியே நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், நகம் வளர்வது போல. அந்த நகர்வும், சாப்பிடும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் சேர்ந்து குறும்பியைத் தானாக வெளியே தள்ளிவிடும். பெரும்பாலான காதுகள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்கின்றன.

அப்படியானால் செவிப்பறை ஓரத்தில் கட்டியாகக் குறும்பி எப்படிப் போய்ச் சேர்கிறது? பெரும்பாலும் குடைந்த குச்சிதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பட்ஸின் நுனியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், மிச்சம் உள்ளே போகும். வந்ததைப் பார்த்து மனசு சந்தோஷப்படும், போனது தெரியாது. அதன்மேல் தண்ணீர் பட்டால் ஊறி உப்பி முழுசாக அடைத்துக்கொள்ளும். நாளெல்லாம் இயர்போன் மாட்டியிருப்பதும், காது கேட்கும் கருவி போட்டிருப்பதும் வெளியே வருகிற வழியை மறித்துவிடும். துவாரம் குறுகலாக இருக்கிறவர்களுக்கும் வயதானவர்களுக்கும் குடையாமலே அடைப்பு வருவதுண்டு.

சரி, கவென்ட்ரிக்குத் திரும்புவோம். பையன் அம்மாவுக்குப் போன் போடுகிறான்.

"டேய் தம்பி, ரெண்டு சொட்டு எண்ணெய காய்ச்சி விட்டுப் பாரேன். வலிச்சா உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடு."

"சரிம்மா."

அம்மாவின் வைத்தியத்தில் பாதி சரி. எண்ணெய் குறும்பியை இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் காய்ச்சின எண்ணெய் காதுத் தோலையும் செவிப்பறையையும் சுட்டுவிடும். உப்பு ஒத்தடம் வலிக்கு இதமாக இருக்கலாம், அடைப்பை எடுக்காது.

அடுத்து அவன் டாக்டரைத் தேடுகிறான். இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவைக்காக மாணவர்கள் விசா வாங்கும்போதே பணம் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் அது ஆண்டுக்கு 776 பவுண்டு. அவ்வளவு கட்டியவனுக்குக் காது அடைப்பை எடுத்துவிடுவார்கள் என்றுதானே தோன்றும்? ஆனால் அங்கே குடும்ப டாக்டர்கள் கட்டாயம் செய்தாக வேண்டிய வேலைகளில் இது இல்லை. சில பகுதிகளில் செய்கிறார்கள், பல பகுதிகளில் கைவிரிக்கிறார்கள். அந்த நாட்டின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில், கேட்கும் திறனைப் பாதிக்கும் குறும்பியை உள்ளூர் மருத்துவ நிலையங்களிலேயே எடுத்துவிட வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறது. சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று. தனியாரிடம் போனால் ஒரு தடவைக்கு 50 முதல் 100 பவுண்டு வரை ஆகும். ரூபாயில் ஐயாயிரத்துக்கு மேல். டிசம்பர் மழைக்காலம், உப்பளத்தில் வேலை இருக்காது. ஐயாயிரம் என்பது அந்த வீட்டில் பெரிய தொகை.

இந்த இடத்தில்தான் பையன்கள் தப்பான வழிக்குப் போகிறார்கள். இணையத்தில் கேமரா வைத்த காது குடைப்பான் விற்கிறார்கள், செல்போனில் பார்த்துக்கொண்டே குடையலாமாம். கை கொஞ்சம் இடறினால் செவிப்பறையில் ஓட்டை. காது மெழுகுவர்த்தி என்று இன்னொன்று. கூம்பு மாதிரி ஒன்றைக் காதில் செருகி நெருப்பு வைப்பார்கள். அடியில் மிஞ்சுவது காதிலிருந்து வந்த குறும்பி இல்லை, அந்த மெழுகுவர்த்தியின் மெழுகுதான். தீக்காயமும் செவிப்பறை ஓட்டையும் ஏற்படலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இலேயே எச்சரித்துவிட்டது.

ஆனால் காசு போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது, அடைத்திருப்பது குறும்பியே இல்லாமல் இருப்பது. ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று மந்தமாகிவிட்டால், அது உட்காது நரம்பு பாதிக்கப்பட்டதாலும் இருக்கலாம். காது அடைத்த மாதிரியேதான் இருக்கும், வலி இருக்காது. 'குறும்பிதான், தானா சரியாயிடும்' என்று இரண்டு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால், ஸ்டீராய்டு மருந்து வேலை செய்யக்கூடிய நாட்கள் கழிந்துபோகும். போன கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம். மூன்று நாளுக்குள் வந்த திடீர் மந்தத்தை 24 மணி நேரத்துக்குள் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்கிறது அதே நைஸ் நெறிமுறை. வாயை மூடி 'ம்ம்ம்...' என்று முனகிப் பார்க்கலாம். அடைப்பு மட்டும் என்றால் சத்தம் பெரும்பாலும் அடைத்த பக்கமே பலமாகக் கேட்கும், நரம்புப் பிரச்சினை என்றால் நல்ல காதுப் பக்கம் கேட்கும். இது முடிவான சோதனை இல்லை. டாக்டர் வெளிச்சம் போட்டு உள்ளே பார்ப்பதுதான் முடிவு. அப்படிப் பார்க்கச் சொல்வதற்குக் கூச்சமே படக்கூடாது. 'குறும்பி எடுங்கள்' என்று கேட்டால் இல்லை என்பார்கள், 'ஒரு காது திடீரென்று கேட்கவில்லை' என்று உள்ளதைச் சொன்னால் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் 111 என்ற எண்ணுக்கு அழைத்தும் இதைச் சொல்லலாம்.

பார்த்தாயிற்று, குறும்பிதான் என்றால் இளக்கும் சொட்டு மருந்துதான் முதல் வழி. பார்மசியில் கிடைக்கும் ஆலிவ் எண்ணெயைச் சூடாக்காமல் இரண்டு மூன்று சொட்டு, ஒருக்களித்துப் படுத்தபடி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, மூன்று முதல் ஐந்து நாள் வரை. முதல் ஓரிரு நாளில் குறும்பி ஊறுவதால் அடைப்பு கூடின மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ, வலி இருந்தாலோ எதையும் விடக்கூடாது.

விலை உயர்ந்த சொட்டு மருந்துதான் நல்லதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் இதை ஆராய்ந்தது. ஒரு சொட்டு மருந்து இன்னொன்றைவிட மேல் என்பதற்குச் சான்று இல்லை, வெறும் தண்ணீரோ உப்புக் கரைசலோ கடை மருந்தைவிட மட்டம் என்பதற்கும் சான்று இல்லை என்று முடித்தது. அதாவது மரக்காணத்தில் அம்மா வாருகிற உப்புக்கும் இந்த வைத்தியத்தில் ஒரு சொந்தம் இருக்கிறது :-) ஆனால் கணக்கு வேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். அது பத்தில் ஒரு பங்காகச் சுண்டினால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். மருத்துவ உப்புக் கரைசலில் லிட்டருக்கு 9 கிராம்தான், அதுவும் கிருமி நீக்கியது. எனவே சமையல் உப்பைக் கரைத்து ஊற்றாமல் பார்மசியில் வாங்குவதே நல்லது. அதுவும் மலிவுதான்.

சொட்டு மருந்துக்கு மசியவில்லை என்றால்தான் காசு செலவழிக்க வேண்டியிருக்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பது ஒரு முறை. கொஞ்சம் இரைச்சலாக இருக்கும், ஆனால் டாக்டர் உள்ளே பார்த்துக்கொண்டே செய்வார். அழுத்தம் கட்டுப்படுத்திய இயந்திரத்தால் தண்ணீர் பீய்ச்சுவது இன்னொரு முறை. தண்ணீர் உடல் சூட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தலை சுற்றும். பழைய பெரிய ஊசிக்குழாயால் கையில் பீய்ச்சும் முறை வேண்டாம் என்கிறது நைஸ். செய்வதற்கு முன்னால் செவிப்பறை ஓட்டை, காது அறுவை சிகிச்சை, சமீபத்திய சீழ், சர்க்கரை நோய் இவை உண்டா என்று கேட்பவரே சரியான ஆள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிற அண்ணன்மார்களுக்குச் சர்க்கரை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். குடைந்த சிறு கீறலில் பிடிக்கும் கிருமி, சர்க்கரை நோயாளிக்கு மண்டை எலும்பு வரை பரவக்கூடும். ராத்திரி தூங்க விடாத காதுவலி வந்தால் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பல்லைக் காட்டிவிட்டுப் போவது போலக் காதையும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகலாம். மரக்காணம் பக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரி ஜிப்மரிலும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. பெட்டி கட்டும்போது ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் வைக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? பட்ஸ் டப்பாவை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.