பனியிலும் சுடும் பெல்ட்



விடியற்காலைப் பால்மரக் காட்டின் குளிருக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்பவர்கள் நாம். வாருங்கள், இன்று பனி கொட்டும் ஓர் ஊருக்குப் போய் வருவோம். கனடாவில், மொன்றியால் நகருக்குக் கிழக்கே, கியூபெக் மாநிலத்தில் இருக்கிறது வால்கூர். பிரெஞ்சு மொழி பேசும் சிற்றூர்.

1934ஆம் ஆண்டுக் குளிர்காலம். அவ்வூரில் கராஜ் வைத்திருந்த ஜோசப் ஆர்மான் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய் கண்டது. பாதையெல்லாம் பனி மூடிவிட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்துவிட்டது. சிறு வயது முதலே பனி வாகனம் செய்ய முயன்றுவந்த அந்தத் தகப்பனார், அதன்பின் ஓயவில்லை. ரப்பர் உறையிட்ட பற்சக்கரத்தால் வண்டியின் பட்டையைச் சுழற்றும் முறைக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். 1959இல் 'ஸ்கி-டூ' என்னும் சிறிய பனிவண்டியை வெளியிட்டார். அவருடைய பழைய கராஜை வால்கூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

அந்த முதல் வண்டிக்கு 7 குதிரைத்திறன். இன்றோ 165 குதிரைத்திறன் வண்டிகளும் ஓடுகின்றன. அவ்வளவு சக்தியையும் எஞ்சினிலிருந்து கொண்டுபோவது ஒரே ஒரு பெல்ட்! நம் ஊர் கியர் இல்லா ஸ்கூட்டரில் இருப்பதைப் போன்றதுதான். செயற்கை ரப்பருக்குள் வலுவான நாரிழைகளைப் பதித்துச் செய்கிறார்கள்.

இரண்டு கப்பிகள் இந்தப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கின்றன. பிடி வழுக்கினால் உராய்வு, உராய்ந்தால் சூடு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரி குளிர் இருந்தாலும், மூடிக்குள் பெல்ட் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கக்கூடும். 100ஐத் தாண்டினால் அதன் ஆயுள் விரைவாகக் குறைகிறது. ஆழப் பனியில் மெதுவாகப் போய்க்கொண்டே எஞ்சினை முழுவேகத்தில் முறுக்குவதும், கப்பிகள் நேர்கோட்டில் இல்லாததும், காற்றுத் துவாரத்தைப் பனி அடைப்பதும் முக்கியக் காரணங்கள். கீழ்ப்பட்டை தரையோடு உறைந்திருக்கும்போது முறுக்கினால், பெல்ட் ஒரே இடத்தில் தேய்ந்து கருகிவிடும்.

அறிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் பின்பக்கத்தைத் தூக்கிப் பட்டையை விடுவிக்கிறார்கள். சற்று நேரம் மெதுவாக ஓட்டிப் பெல்ட்டைப் பதமாக்குகிறார்கள். இடையில் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து கப்பியைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கை வைக்க முடியாத சூடென்றால் ஆறவிட்டே கிளம்புகிறார்கள். மாற்றுப் பெல்ட் இல்லாமல் காட்டுக்குள் போவதில்லை. ஏன் தெரியுமா? வீடுகளே இல்லாத இடத்தில், இருட்டும் வேளையில் பெல்ட் அறுந்தால், இடுப்பளவு பனியில் நடந்துதான் திரும்ப வேண்டும். அந்தக் குளிரில் அது உயிருக்கே ஆபத்து.

கத்தியைத் தீட்டாமல் நாம் மரத்துக்குப் போவதுண்டா? கருவி எதுவானாலும் முறை ஒன்றுதான். ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாத துயரத்தை நெஞ்சில் சுமந்த தகப்பன் தந்த வண்டி அது. புறப்படும் முன் ஐந்து நிமிடம் பெல்ட்டைப் பார்ப்பதும், ஓட்டுபவரை அவருடைய பிள்ளைகளிடம் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் வேலைதானே!