அண்ணாவின் இதயம் வலப்பக்கம்

சின்ன வயதிலிருந்தே அண்ணாவுக்கு ‘முட்டு’ என்றுதான் வீட்டில் கதை. விடிய எழும்பினால் சளி, எந்த நேரமும் மூக்கடைப்பு, காதில் சீழ். 24 வயதில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவர், படம் மாறிப்போச்சு என்று நினைத்துத் திரும்பவும் எடுத்தாராம். ஒன்றும் மாறேல்லை. அண்ணாவின் இதயம் உண்மையிலேயே வலப்பக்கம்தான்.

வருத்தத்தின் பெயர் பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா. பரம்பரையாக வருவது, அபூர்வமானது, தொற்றாது. மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கிற நுண்ணிய பிசிர்கள் ஓயாமல் அடித்துச் சளியை மேலே தள்ளவேண்டும். அண்ணாவுக்கு அவை ஒழுங்காக அசையாது. சளி தங்கும், கிருமி தங்கும், வருஷக்கணக்கில் குழாய் பழுதாகி விரியும். கருவில் இடம் வலம் தீர்மானமாவதிலும் இந்தப் பிசிர்களுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் இந்த வருத்தக்காரரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு உள்ளுறுப்புகள் பக்கம் மாறியிருக்கும். சூரிச்சில் கார்ட்டஜெனர் 1933இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். காரணம் பிடிபட்டது 1976இல். சுவீடனில் அஃப்செலியஸ் என்பவர் பிள்ளை இல்லாத ஆண்களின் விந்தணு வாலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கண்டுபிடித்தார். வாலுக்கும் பிசிருக்கும் ஒரே கட்டமைப்பு.

அந்த வால் விஷயத்தை ஒரு வைத்தியரும் அண்ணாவுக்குச் சொல்லேல்லை. போனில் தேடித்தான் அறிந்தார். அப்போது வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை” என்றா அம்மா. சொல்லாமல் கட்டமாட்டன் என்று அண்ணா நிற்கிறார். அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள். பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமும் பழுதான மரபணுவில் ஒரு பிரதி இருந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். சொந்தத்தில் கட்டினால் அதற்கான வாய்ப்புக் கூடும். இதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறா. ஆறுதலாக இருத்தி விளங்கப்படுத்த, ஆய்வுகூட முறையில் பிள்ளை பெற வழியிருக்கு என்று சொல்ல, நாங்கள் போகிற கிளினிக்கில் ஆளில்லை. ஐந்து நிமிஷம், அடுத்த நம்பர்.

சின்னப்பிள்ளை என்றால் கிளினிக் கொப்பியோடு அம்மா ஓடுவா. பெரியாள் தன் வருத்தத்துக்குத் தானே கிளாக்கர். காதுக்கு ஒரு நாள், நெஞ்சுக்கு இன்னொரு நாள், போகிற இடமெல்லாம் முதலிலிருந்து கதை சொல்லவேணும். இங்கிலாந்தில் வளர்ந்தவர்களுக்கென்றே இந்த வருத்தத்துக்குச் சிறப்பு நிலையங்கள் இருக்கு. நெஞ்சு வைத்தியர், காது மூக்கு தொண்டைக்காரர், பிசியோ எல்லாரும் ஒரு குழுவாகப் பார்ப்பார்கள். நல்லாயிருக்கிற நேரத்திலும் சளியைச் சோதிப்பார்கள். பிசிரை அசைய வைக்கிற மருந்து அங்கேயும் இல்லை. பழுதாகிறதை மெதுவாக்கலாம், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமை வந்தது ‘குழு’ என்ற சொல்லில்தான்.

அண்ணா இப்ப காலையும் பின்னேரமும் மூச்சுப்பயிற்சி செய்து சளியை எடுக்கிறார், உப்புத்தண்ணியால் மூக்குக் கழுவுகிறார். நெஞ்சுக் கிளினிக் வாற செவ்வாய். காதுக் கிளினிக் வியாழன். கடை முதலாளியிடம் ஒரு நாள் லீவுதான் கேட்டிருக்கிறார்.