உறைமோர்

டெபியன் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. தொடக்க காலத்தில் ஜாவா நிறுவ வேண்டுமென்றால் ஒரு பைனரி கோப்பை இறக்கி ஓட்டுவோம். உரிம ஒப்பந்தம் திரை திரையாக ஓடும். கடைசியில் ‘யெஸ்’ என்று அடித்தால்தான் நிறுவும்.

அப்படி நிறுவிய ஒரு சர்வரை ஒருநாள் சோதித்தேன். கெர்னல் முதல் எழுத்துரு வரை எல்லாப் பொதிகளும் புதிதாக இருந்தன. ஜாவா மட்டும் இரண்டு வருடப் பழசு. பொதியாக வராததால் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட அதை எட்டவில்லை. மூலநிரல் கையில் இல்லாததால் நாமே திருத்தவும் வழியில்லை.

ஜாவாவில் எழுதிய மென்பொருளுக்கும் இதே கதிதான். உரிமம் கட்டற்றதாக இருந்தாலும், சன் நிறுவனத்தின் ஜாவா இல்லாமல் ஓடாதென்றால் டெபியனின் முழுக்கக் கட்டற்ற ‘மெயின்’ பிரிவில் அதற்கு இடமில்லை, ‘கான்ட்ரிப்’பில்தான் வைப்பார்கள். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2004இல் இதை ‘ஜாவா பொறி’ என்றே எச்சரித்தார்.

2006 நவம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் திறப்பதாக அறிவித்தது. 2007 மே மாதம் அந்த மூலநிரல் ஓபன்ஜேடிகே என்ற பெயரில் வந்தது. எழுத்துரு, நிறம், ஒலி சார்ந்த சில பகுதிகளின் உரிமை வேறு நிறுவனங்களிடம் இருந்ததால் அங்கெல்லாம் ஓட்டை. அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. ஜாவா கம்பைலரே ஜாவாவில் எழுதியது; அதைக் கட்டமைக்க ஏற்கெனவே ஓடும் ஒரு ஜாவா வேண்டும். பால் எவ்வளவு நல்லதானாலும் உறை ஊற்றப் பழைய மோர் வேண்டுமே! அந்த மோர் பூட்டிய வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றால், நம் வீட்டுத் தயிர் நம்முடையதாகுமா?

ஜிசிஜே என்ற கட்டற்ற ஜாவா கம்பைலரும் குனு கிளாஸ்பாத் என்ற ஜாவா நூலகமும் கைகொடுத்தது இங்கேதான். பலர் பல வருடம் எழுதியும் முழுமை பெறாத படைப்புகள் அவை. 2007 ஜூனில் ரெட் ஹாட் தொடங்கிய ஐஸ்டீ திட்டம், ஜிசிஜேயைக் கொண்டு ஓபன்ஜேடிகேயைக் கட்டமைத்தது. கிளாஸ்பாத் நிரலால் ஓட்டைகளை அடைத்தது. ஒரு வருடம் கழித்து, 2008 ஜூனில், ஃபெடோரா 9இல் அது ஜாவாவின் இணக்கச் சோதனையில் முழுமையாகத் தேறியது.

இன்று என் சர்வரில் கெர்னலோடு சேர்ந்தே ஜாவாவும் புதுப்பித்துக்கொள்கிறது. டெபியன் அதை மூலநிரலிலிருந்து கட்டமைக்கிறது. ஒரு பதிப்பு அடுத்த பதிப்புக்கு உறை ஊற்றுகிறது. ஜிசிஜேயோ, அது இடம்பெற்றிருந்த ஜிசிசி கம்பைலர் தொகுப்பில் 2017இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இல்லை. தயிர் தோய்ந்தபின் உறைமோரைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு முறை ஓபன்ஜேடிகேயைப் புதுப்பிக்கும்போதும் அந்த முதல் கரண்டியை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.